ஒரே தாழ்வாரத்தில் இரண்டு கதவுகள்

உக்ரைனின் கார்கிவ் நகரில் நான் மருத்துவம் படித்த கல்வி நிறுவனத்தின் கல்வி மன்றத்தாருக்கும், பன்னாட்டு உறவுத் துறையினருக்கும், எனக்குப் பாடம் எடுத்த ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் உங்கள் பழைய மாணவி. 2013 செப்டம்பரில் வந்து சேர்ந்தேன், 2019 ஜூனில் பட்டம் வாங்கினேன். இப்போது திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் மருத்துவராக இருக்கிறேன். உங்கள் பதிவேட்டில் என் பெயரைத் தேடினால் கிடைக்காது, என் அப்பா பெயர்தான் கிடைக்கும். எங்கள் பக்கம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொள்வோம், அவ்வளவுதான். பாஸ்போர்ட் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருந்ததால் அதில் அப்பா போய் உட்கார்ந்துவிட்டார். ஆறு வருடமும் வருகைப் பதிவில் நீங்கள் கூப்பிட்டது அவரைத்தான், எழுந்து நின்றது நான். நீங்களும் ஆசிரியரைப் பெயரோடு அவருடைய அப்பா பெயரையும் சேர்த்துத்தான் மரியாதையாகக் கூப்பிடுகிறீர்கள். இந்த ஒரு விஷயத்திலாவது நாம் சொந்தக்காரர்கள் என்று அப்போது நினைத்துக்கொள்வேன்.

இதைத் தமிழில் எழுதுவதற்கு இரண்டு காரணங்கள். மனத்தில் இருப்பதை ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் அது விண்ணப்பமாகிவிடுகிறது. உங்களுக்கு அத்தனை விண்ணப்பம் எழுதிய கை இது. அப்புறம், பிள்ளைகளை உக்ரைனுக்கு அனுப்பிய எங்கள் ஊர்ப் பெற்றோரும், இனி அனுப்பலாமா என்று யோசிப்பவர்களும் இதைப் படிக்கவேண்டும். விடுதியில் எனக்கு வாய்த்த ஒரே உக்ரைனியத் தோழி மொழிபெயர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பிரதி உங்களுக்குத் தனியாக வரும். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அது வேண்டாம்.

நிர்வாகக் கட்டடத்தின் முதல் மாடித் தாழ்வாரத்தில் இரண்டு கதவுகள் எதிரெதிரே இருந்தன. இடது பக்கம் வெளிநாட்டு மாணவர்களுக்கான தெக்கனாத், அதாவது டீன் அலுவலகம். கதவு என்றாலும் எங்களுக்கு அது ஜன்னல்தான். ஒரு சின்ன திறப்பு வழியாகக் கட்டண ரசீது, விடுதி ரசீது, காப்பீட்டுத் தாள், தங்கும் அனுமதி அட்டையின் நகல் எல்லாம் உள்ளே போகும், முத்திரை குத்திய தாள் வெளியே வரும். வலது பக்கம் பன்னாட்டு உறவுத் துறை. அங்கே சுவரில் கொடிகள், கைகுலுக்கும் படங்கள், போலந்தோடு ஒன்று, ஜெர்மனியோடு ஒன்று என்று கண்ணாடிச் சட்டத்துக்குள் உடன்படிக்கைகள். இடது கதவுக்கு முன்னால் நான் நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒரு செமஸ்டர் வரும். வலது கதவுக்குள் ஒரே ஒரு தடவை போனேன், ஸ்டேப்ளர் கடன் கேட்க.

நாங்களும் வெளிநாட்டவர்தானே? பன்னாட்டு என்ற அந்தப் பலகைக்குள் நாங்கள் ஏன் வரவில்லை? என்னுடைய கேள்வி மொத்தமும் இவ்வளவுதான். ஆனால் இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டா என்று நீங்கள் யோசிக்கலாம், அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

முதலில் பாடம். நல்லதைச் சொல்லிவிட்டுத்தான் குறைக்கு வரவேண்டும். எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். இந்தியாவில் மருத்துவம் படித்த என் பள்ளித் தோழிகள் நூற்றைம்பது பேர் கொண்ட அரங்கில் கடைசி பெஞ்சில் தூங்கியபோது, ‘பாரா’ என்ற எண்பது நிமிட வகுப்பில் என்னைத் தினமும் எழுப்பி நிறுத்தி வாய்மொழியாகக் கேள்வி கேட்டீர்கள். மறைய இடமே இல்லை. ஒரு நாள் வராவிட்டால் பதிவேட்டில் ‘என்பே’, அதாவது வரவில்லை என்ற குறி, விழும். அதை அழிக்க மாலையில் போய் அதே பாடத்தை அத்ரபோத்கா செய்யவேண்டும், விட்ட வகுப்பை ஈடுகட்டும் வேலை அது. இரண்டாம் வருடம் காய்ச்சலில் நான்கு நாள் படுத்தேன். அந்த நான்கு நாளைத் தீர்க்க எனக்கு ஐந்து வாரம் ஆனது. ஆசிரியர் இருந்தால் தாள் இருக்காது, தாள் இருந்தால் அறைச் சாவி இருக்காது. ஜனவரி இருட்டில் ஆறு மணிக்கு உடற்கூறியல் கட்டடத்தின் வாசலில், வெள்ளைக் கோட்டுக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு நாங்கள் ஏழு பேர் நின்றது நினைவிருக்கிறது. அன்று திட்டினேன். ஆனால் மூளை நரம்புகள் பன்னிரண்டும் இன்றைக்கு வரிசை மாறாமல் வாயில் வருவதற்கு அந்த வாசல்தான் காரணம், அதை மறுக்க முடியாது.

உடலியங்கியல் எடுத்த ஆசிரியைக்கு அப்போதே அறுபது வயது தாண்டியிருக்கும். ஆங்கிலத்தில் பாடம் எடுக்கவேண்டும் என்று நிர்வாகம் சொன்னபோது அவர் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து ஒவ்வொரு வகுப்பையும் முழு வாக்கியமாக எழுதிவைத்தாராம். உச்சரிப்பு தெரியாத சொல்லுக்கு மேலே ருஷ்ய எழுத்தில் பென்சிலால் குறிப்பு. அதை வாசித்துக்கொண்டே வண்ணச் சுண்ணாம்பால் இதயச் சுழற்சியை வரைவார். சிவப்பு ஆக்சிஜன் ரத்தம், நீலம் மற்றது. வரைந்து முடித்ததும் நோட்டை மூடிவிட்டு, "நவ், யூ" என்பார். நாங்கள் சொல்லவேண்டும். எங்கள் ஆங்கிலமும் அவருடைய ஆங்கிலமும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வருடம் நடந்தன. அவருக்கு அதற்கென்று எத்தனை ஹிரிவ்னா கூடுதலாகக் கொடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. அவருடைய பூட்ஸ் மூன்று குளிர்காலமும் ஒன்றேதான்.

குறை அவரிடம் இல்லை. எங்களைத் தனிக் குழு, தனிப் பதிவேடு, தனி அட்டவணை என்று பிரித்து வைத்ததில்தான். உக்ரைனிய மாணவர்களோடு ஒரு வகுப்பில்கூட நான் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. அவர்கள் அரசு செலவில் படிக்கும் ‘பட்ஜெட்’ பிள்ளைகளாகவும், கட்டணம் கட்டும் ‘காண்ட்ராக்ட்’ பிள்ளைகளாகவும் தங்களுக்குள் பிரிந்திருந்தார்கள். எங்களுக்கு அந்தப் பிரிவுகூட இல்லை, எல்லாரும் டாலர் பிள்ளைகள். நான்காம் வருடத்தில் நகர மருத்துவமனை வார்டுக்குப் போனபோது அது இன்னும் நன்றாகத் தெரிந்தது. அவர்கள் குழு படுக்கையைச் சுற்றி நின்று நோயாளியிடம் பேசும். எங்கள் குழு இரண்டடி தள்ளி நிற்கும், ஆசிரியர் திரும்பி இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் சொல்வார். ஒருநாள் பொறுக்காமல் நானே ஒரு பாட்டியின் கட்டில் ஓரம் போய் எனக்குத் தெரிந்த ருஷ்யச் சொல் ஒன்றைப் போட்டேன்: "பலீத்?" வலிக்கிறதா? பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் பேசினார். முக்கால்வாசி புரியவில்லை. ஆனால் அவருக்கு மூச்சு வாங்கியது எப்போதும் இல்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும்தான் என்பது புரிந்தது. அது கேஸ் ஷீட்டில் இல்லாத தகவல். என்னைத் தள்ளி நிற்க வைத்தவர்களுக்கும் அன்று அது உதவியது.

அடுத்தது ஆராய்ச்சி. உங்கள் ஒவ்வொரு துறையிலும் மாணவர் அறிவியல் வட்டம் ஒன்று உண்டு. நல்ல ஏற்பாடு, எங்கள் கல்லூரிகளில் அப்படி எங்குமே கண்டதில்லை. மூன்றாம் வருடம் நுண்ணுயிரியல் வட்டத்தில் சேரக் கேட்டேன். சேர்த்துக்கொண்டார்கள். கூட்டம் முழுக்க அவர்கள் மொழியில் நடக்கும், நான் தலையாட்டிக்கொண்டிருப்பேன். வசந்த காலத்தில் மாணவர் மாநாடு வந்தது. ஆங்கிலப் பிரிவில் பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. எழுதிய தாளை என்னிடம் கொடுத்தார்கள், வாசித்தேன். தொகுப்பில் என் பெயர் (அதாவது என் அப்பா பெயர்) மூன்றாவதாக வந்தது. முத்திரையோடு சான்றிதழும் கிடைத்தது. அந்த ஆய்வில் ஒரு பிப்பெட்டைக்கூட நான் தொடவில்லை. சான்றிதழை வீட்டில் அப்பா சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார், கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதை உங்களை மட்டும் குற்றம் சொல்ல எழுதவில்லை. 2016க்குப் பிறகு உங்கள் ஆசிரியர்களுக்குப் பதவிப் பட்டம் வேண்டுமானால் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற உலக ஆய்வுப் பட்டியல்களில் உள்ள இதழ்களில் கட்டுரை வேண்டும், ஆங்கிலத்தில் பி2 என்ற நிலைக்கான சான்று வேண்டும் என்று விதி வந்தது. ஆளுக்கு ஆள் கட்டுரை தேடி ஓடிய காலம். அந்த ஓட்டத்தில் எங்களைப் போல ஆங்கிலம் எழுதத் தெரிந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதே கட்டடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தோம் என்பது யாருக்கும் தோன்றவில்லையே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

நுண்ணுயிரியல் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். வகுப்பில் இலியா மெச்னிகோவைப் பற்றிச் சொன்னீர்கள். கார்கிவ் பக்கத்தில் பிறந்து, கார்கிவ் பல்கலைக்கழகத்தில் படித்து, ஒடெசாவில் கற்பித்து, பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்துக்குப் போய், வெள்ளையணுக்கள் கிருமியை விழுங்குவதைக் காட்டியதற்காக 1908இல் நோபல் வாங்கியவர். சுவரில் படமும் இருந்தது. ஆனால் ஒடெசாவில் அவரிடம் படித்த வால்டெமார் ஹாஃப்கினைப் பற்றி எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒடெசாவில் 1860இல் பிறந்தவர் அவர். காலரா தடுப்பூசியோடு 1893இல் இந்தியாவுக்கு வந்தார். பம்பாயில் பிளேக் பரவியபோது அங்கேயே ஒரு தடுப்பூசி தயாரித்து, 1897 ஜனவரி 10ஆம் தேதி முதலில் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். பம்பாய் பரேலில் அவர் பெயரில் நிறுவனம் இன்னும் இருக்கிறது. உங்கள் மண்ணில் படித்த ஒருவர் எங்கள் மண்ணில் செய்த வேலை இது. இந்திய மாணவர்கள் நிறைந்த ஒரு நுண்ணுயிரியல் வகுப்பில் இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். நான் இதைப் பட்டம் வாங்கியபின் மும்பையில் ஒரு பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த பெயர்ப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது, கொஞ்சம் கோபமும்.

உங்கள் ஊரின் இன்னொரு கதையை நீங்களே எனக்குச் சொன்னீர்கள். ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை, என் உடலியங்கியல் ஆசிரியையின் கணவர், ஓய்வுபெற்ற இயற்பியலாளர், எங்களை டீக்குக் கூப்பிட்டுச் சொன்னது. 1928இல் கார்கிவில் உக்ரைனிய இயற்பியல் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கியது. கேம்பிரிட்ஜில் ரூதர்ஃபோர்டிடம் வேலை பார்த்துவிட்டு ஆங்கிலேய மனைவியோடு திரும்பிய கிரில் சினெல்னிகோவ் அங்கே இருந்தார். ஜெர்மானியரான ஹௌடர்மான்ஸ், ஆஸ்திரியரான வைஸ்பர்க் வந்து சேர்ந்தார்கள். லெவ் லாந்தாவ் 1932இல் வந்தார். அதே வருடம் அக்டோபரில், கேம்பிரிட்ஜுக்குச் சில மாதங்கள் பின்னால், லித்தியம் அணுக்கருவைப் பிளந்தார்கள். ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் கட்டுரை வரும் ஓர் இயற்பியல் இதழைக் கார்கிவிலேயே நடத்தினார்கள். 1934இல் டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் வந்து உட்கார்ந்து பேசினார். வெளிநாட்டார் தனிக் குழுவில் இல்லை, ஒரே ஆய்வகத்தில், ஒரே மேசையில். அப்புறம் ஸ்டாலின் காலத்துக் களையெடுப்பு நடந்த 1937 வந்தது. வெளிநாட்டோடு பேசியதே குற்றமாகிவிட்டது. மின்சாரத்தைத் தடையில்லாமல் கடத்தும் மீகடத்திகளில் புது வகையைக் கண்டுகாட்டிய லெவ் ஷுப்னிகோவைச் சுட்டுக் கொன்றார்கள். லாந்தாவ் மாஸ்கோவுக்கு ஓடினார், அங்கும் சிறை. வைஸ்பர்க்கையும் ஹௌடர்மான்ஸையும் சிறையில் வைத்திருந்து 1940இல் நாஜி ஜெர்மனியின் ரகசியக் காவலான கெஸ்டபோ கையில் ஒப்படைத்தார்கள். பெரியவர் இதைச் சொல்லி முடித்து, ஜாம் கிண்ணத்தை எங்கள் பக்கம் நகர்த்திவிட்டு, "அந்த ஒன்பது வருஷம் மாதிரி இந்த ஊர் திரும்ப இருந்ததே இல்லை" என்றார்.

நான் அன்றைக்கு அதை வெறும் வரலாறாகத்தான் கேட்டேன். இப்போதுதான் அதில் எங்களுக்கும் ஒரு சங்கதி இருக்கிறது என்று படுகிறது.

சேர்க்கை விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். உங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கு 2008 முதல் நாடு முழுக்க வெளியார் நடத்தும் பொதுத் தேர்வை வைத்தீர்கள். கல்லூரி வாசலில் லஞ்சம் வாங்கும் கதையை அது பெருமளவு ஒழித்தது என்று என் தோழியின் அம்மாவே சொல்வார். எனக்கு என்ன தேர்வு வைத்தீர்கள்? பாளையங்கோட்டையில் ஒரு கன்சல்டன்சி, கண்ணாடிக் கதவு, சுவரில் உங்கள் கட்டடத்தின் படம். என் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலின் நகல், பாஸ்போர்ட், முன்பணம். இரண்டு வாரத்தில் அழைப்புக் கடிதம் வந்தது. வருடத்துக்குச் சுமார் 4,000 டாலர் உங்களுக்கு. ஏஜென்ட் எவ்வளவு எடுத்தார் என்று அப்பா இன்று வரை சொல்லவில்லை. அம்மாவின் வளையல் நான்கில் இரண்டு மிச்சம். வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போகவும் நீட் தேறியிருக்கவேண்டும் என்று 2018இல் எங்கள் அரசுதான் நிபந்தனை வைத்தது, நீங்கள் வைக்கவில்லை. ஊர் திரும்பி எழுதவேண்டிய தகுதித் தேர்வில் நான்கு பேரில் ஒருவர்கூடத் தேறாத வருடங்கள் உண்டு. நான் இரண்டாவது தடவை தேறினேன். என்னோடு படித்த மூன்று பேர் இன்னும் தேறவில்லை, ஒருவன் மருந்துக் கடை வைத்திருக்கிறான். அவர்களில் யாராவது உங்களோடு எங்கேயாவது தொடர்பில் இருக்கிறார்களா என்று நீங்கள் கேட்டதுண்டா?

2022 பிப்ரவரி 24, ரஷ்யா உக்ரைன்மேல் படையெடுத்த நாள். என் சித்தி மகன், தம்பி, அப்போது உங்களிடம் மூன்றாம் வருடம். நான் சொல்லித்தான் அங்கே சேர்ந்தான், அந்தக் குற்ற உணர்வு எனக்கு இன்னும் போகவில்லை. விடுதிக்குக் கீழே நிலவறையில் ஆறு நாள். மார்ச் 1ஆம் தேதி, கடைக்கு வெளியே வரிசையில் நின்ற கர்நாடகத்து மருத்துவ மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் இறந்துபோனார். மறுநாள் எங்கள் தூதரகம், மாலை 6 மணிக்குள் பிசோச்சின், பபாயி, பெஸ்லியுதிவ்கா ஆகிய ஊர்களுக்குப் போய்விடுங்கள், வண்டி கிடைக்காவிட்டால் நடந்தே போங்கள் என்று அறிவித்தது. தம்பி பிசோச்சினுக்கு நடந்தான். முதுகுப் பையில் பாஸ்போர்ட், ஒரு ஸ்வெட்டர், மதிப்பெண் பதியும் சின்ன நீலப் புத்தகம். அந்தப் புத்தகத்தை ஏண்டா எடுத்தாய் என்று பின்னால் கேட்டேன். "அத்ரபோத்கா எல்லாம் முடிச்சிருந்தேன்க்கா" என்றான்.

இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அந்த மாதத்தில் திரும்பினார்கள். மார்ச் கடைசியில் நீங்கள் வகுப்புகளை ஆன்லைனில் தொடங்கினீர்கள். இதை எழுதும்போது எனக்கு எழுந்து நிற்கத் தோன்றுகிறது. அதே உடலியங்கியல் ஆசிரியை, குண்டு விழுந்தால் இரண்டு சுவர் நடுவில் இருக்கவேண்டும் என்ற விதிப்படி, வீட்டின் உள் தாழ்வாரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாடம் எடுத்தார். பின்னால் குளிர்ச்சட்டைகள் தொங்கின. தம்பி எங்கள் ஊரில் வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்து கேட்டான். அலாரம் அடித்தால் அவர் கையை உயர்த்துவார், நிறுத்துவார், அலாரம் ஓய்ந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். கரும்பலகை இல்லை. அதே நாற்பது பக்க நோட்டைக் கேமராவுக்கு முன்னால் காட்டினார்.

ஆனால் பாதுகாப்பாக ஓரிடத்தில் உட்கார்ந்து நோயாளியைத் தொட்டுப் படிக்க அந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது வழி வேண்டியிருந்தது. எங்கள் மருத்துவ ஆணையத்தின் 2021 விதி, படிப்பு முழுவதும் ஒரே வெளிநாட்டு நிறுவனத்தில் இருக்கவேண்டும் என்றது. பிறகு 2022 செப்டம்பரில் உக்ரைன் மாணவர்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். வேறு நாட்டில் வகுப்பு நடக்கலாம், பட்டம் மட்டும் உங்கள் பெயரில் வரவேண்டும். அப்படி நடக்க உங்களுக்கு எங்காவது ஒரு கூட்டாளி நிறுவனம் இருந்திருக்கவேண்டும், அதுவும் ஆங்கிலத்தில் மருத்துவம் சொல்லித் தரும் கூட்டாளி. வலது கதவின் சட்டங்களுக்குள் தொங்கிய உடன்படிக்கைகளில் ஒன்றும் எங்களுக்கு ஒத்துவரவில்லை. எங்கள் பிள்ளைகள் ஜார்ஜியாவுக்கும் ருமேனியாவுக்கும் கிர்கிஸ்தானுக்கும் ஏஜென்ட்களைப் பிடித்துத்தான் போனார்கள். இன்னொரு தடவை முன்பணம், அதே கண்ணாடிக் கதவு. அத்தனை வருடம் அத்தனை இந்திய மாணவர்களைச் சேர்த்த ஒரு நிறுவனத்துக்கு இந்தியாவில் ஒரு மருத்துவக் கல்லூரியோடுகூடக் கையெழுத்துப் போட்ட தாள் இல்லை என்பதை அன்றைக்குத்தான் நாங்கள் எல்லாரும் கவனித்தோம். திண்ணையிலேயே உட்கார வைத்திருந்தீர்கள், எங்களுக்கும் அது உறைக்கவில்லை.

உங்களுக்கு இப்போது வரும் துணை எனக்கு மகிழ்ச்சிதான். போர் தொடங்கிய வருடமே பிரிட்டனின் பல்கலைக்கழகங்கள் உங்கள் நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு ஜோடி சேர்ந்தன, நூறுக்கும் மேல் ஜோடிகள். உங்கள் ஊர் கராசின் பல்கலைக்கழகத்தோடு கேம்பிரிட்ஜ். 1930இல் சினெல்னிகோவ் வந்த பாதையிலேயே திரும்பிப் போன மாதிரி எனக்குப் பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆராய்ச்சித் திட்டத்திலும் 2022இலேயே உக்ரைன் சேர்ந்தது. அதுவும் எந்த நிலையில்? அந்த மார்ச் 2ஆம் தேதி கராசினின் பொருளாதாரத் துறைக் கட்டடம் எரிந்திருந்தது. கெர்சோன் பல்கலைக்கழகம் இவானோ-ஃபிரான்கிவ்ஸ்குக்கும், மரியுபோல் பல்கலைக்கழகம் கீவுக்கும் பெயர்ப் பலகையைத் தூக்கிக்கொண்டு போயின. தோனெத்ஸ்க் தேசியப் பல்கலைக்கழகம், கிழக்கே சண்டை தொடங்கிய 2014இலேயே வின்னித்சியாவுக்குப் போய்விட்டது. அந்த வருடம் லுகான்ஸ்கிலிருந்து ஓடிவந்த இந்தியப் பிள்ளைகளுக்கு எங்கள் விடுதியில் நான் பாய் விரித்துக் கொடுத்திருக்கிறேன். கட்டடம் இல்லாமல் பல்கலைக்கழகம் நடத்துவது எப்படி என்று உலகத்துக்கே சொல்லித்தர உங்களால் முடியும். அப்படிப்பட்ட உங்களுக்குத் திருநெல்வேலி தூரமாக இருக்க வாய்ப்பில்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. உங்களிடம் படித்து, எங்கள் நாட்டில் பதிவு பெற்று வேலை பார்க்கும் மருத்துவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறோம். எங்களைப் பழைய வாடிக்கையாளராக வைக்காமல் கூட்டாளியாக வையுங்கள். என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள், ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன்.

உங்களிடம் இன்று கை, கால் இழந்தவர்கள் ஏராளம். லிவிவ் அருகே வின்னிகியில் 2023இல் ‘சூப்பர்ஹியூமன்ஸ்’ மையத்தைத் திறந்தீர்கள், செயற்கைக் கால் பொருத்துவதில் வேகமாக வளர்ந்துவிட்டீர்கள். ஆனால் அங்கே சிகிச்சை முடிந்து கிராமத்து வீட்டுக்குத் திரும்பிய ஆளுக்கு ஐந்து வருடம் கழித்து, பணம் இல்லாத இடத்தில், கருவி தேய்ந்துபோன பின் என்ன செய்வது? அது எங்களுக்குப் பழகிய கேள்வி. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் மேரி வர்கீஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1954இல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் அங்கேயே, உள்நோயாளியாகத் தங்கி மறுவாழ்வு பெறும் இந்தியாவின் முதல் மையத்தைத் தொடங்கினார். அதற்கு முன்பிருந்தே அங்கே பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் தசைநாண் மாற்றும் அறுவையைச் செய்துகொண்டிருந்தார். உணர்ச்சி இல்லாத காலை வயல் வரப்பில் நடந்து புண்ணாக்கிக்கொள்ளாமல் காப்பது, வாசல் படியை எப்படிச் சரிவாக்குவது, நாற்காலியில் இருப்பவரின் முதுகுப் புண்ணை மனைவியே பார்த்துக் கழுவக் கற்றுக்கொடுப்பது எல்லாம் எங்கள் பக்கத்து மருத்துவர்கள் தினமும் செய்யும் வேலை. குண்டுக் காயத்தை, நசுங்கிய தசையை, ஒரே இரவில் முப்பது பேர் வந்தால் யாரை முதலில் என்ற கணக்கை எங்களைவிட நீங்கள் ஆயிரம் மடங்கு அறிவீர்கள். ஒரு பட்டாசு ஆலை வெடித்தால் எங்கள் பக்கத்து அரசு மருத்துவமனை திணறுவதை நான் பார்த்திருக்கிறேன். மாதம் ஒரு வகுப்பு, நீங்கள் ஒரு முறை, நாங்கள் ஒரு முறை. பணம் வேண்டாம், கொடி வேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம்.

அப்புறம் இரண்டு சின்ன வேலைகள். 2022இல் பாதியில் கிளம்பிய பிள்ளைகளில் சிலருக்கு இன்னும் படித்த பாட விவரச் சான்று கைக்கு வரவில்லை. தெக்கனாத் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவரும் அலாரத்துக்கு நடுவில்தான் வேலை பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும், அவர்மேல் கோபமில்லை. பட்டியல் வேண்டுமானால் நாங்கள் தொகுத்துத் தருகிறோம், சரிபார்த்து முத்திரை போட்டால் போதும். இரண்டாவது, திரும்ப எப்போது மாணவர்களைச் சேர்த்தாலும் எத்தனை வகுப்பு நேரில், எத்தனை திரையில், நிலவறை எங்கே, எந்த மொழியில் வார்டு என்பதை உங்கள் பக்கத்திலேயே உங்கள் வாயால் சொல்லுங்கள். கண்ணாடிக் கதவுக்காரர் சொல்லி எங்கள் பெற்றோர் தெரிந்துகொள்ளவேண்டாம். சேர்த்தால் உக்ரைனியப் பிள்ளைகளோடு கலந்து உட்கார வையுங்கள். மொழி தெரியாதே என்பீர்கள். முதல் வருடமே கறாராகச் சொல்லிக்கொடுங்கள், ஒழுங்காக அத்ரபோத்கா வைத்தால் யாரும் கற்றுக்கொள்வார்கள்.

எனக்கு வியாழக்கிழமை வசதி. குளிர்காலத்தில் உங்கள் ஊரில் மாலை 4 மணி என்றால் இங்கே இரவு 7.30. வெளிநோயாளிகள் எல்லாரையும் பார்த்து முடித்திருப்பேன். முதல் வகுப்புக்கு உடலியங்கியல் ஆசிரியையைக் கூப்பிடுங்கள், அவர் ஓய்வு பெற்றுவிட்டாலும் பரவாயில்லை. தாழ்வாரத்திலிருந்தே வரட்டும். வருகைப் பதிவில் என் அப்பா பெயரையே கூப்பிடுங்கள், எழுந்து நிற்கிறேன்.

அன்புடனும் உரிமையுடனும்,
2019இல் பட்டம் பெற்ற உங்கள் மாணவி
திருநெல்வேலி மாவட்டம்